கருவுற்ற பின் காப்புறுதி: தேடுவோர் அறிந்திருக்க வேண்டியவை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செட்டிபாளையத்தைத் தாண்டிக் களுதாவளையை அடைவதற்கு முன்னர் வருவது தேற்றாத்தீவு. ஒரு புறம் கடலும் மறு புறம் வாவியும் எல்லையாக அமைந்த இக்கிராமத்தில் மரக்கறித் தோட்டமும் வெற்றிலைக் கொடியும் மீன்பிடியும் அரச உத்தியோகமும் நீண்ட காலமாகக் குடும்பங்களைத் தாங்கி வந்துள்ளன. அண்மைக் காலத்தில் மத்திய கிழக்கிலிருந்து வரும் பணமும் இவற்றோடு சேர்ந்துள்ளது. பணம் வரும் வீடுகளைத் தேடிக் காப்புறுதி முகவர்களும் வருகின்றனர்.

எமக்கு நெருங்கிய உறவுக் குடும்பமொன்று அங்கே வாழ்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வீட்டு மகள் நான்கு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, பிரசவச் செலவை ஈடுசெய்யலாம் என்ற நம்பிக்கையில் அவசர அவசரமாகச் சுகாதாரக் காப்புறுதி ஒன்று எடுக்கப்பட்டது. முதல் தவணைக் கட்டணத்துக்காகத் தாயாரின் காப்பு அடகு வைக்கப்பட்டது. விண்ணப்பப் படிவத்தில் 'தற்போது கர்ப்பமாக உள்ளீரா?' என்ற வினாவுக்கு 'இல்லை' என்று எழுதப்பட்டது. தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. "காசு கட்டினதுதானே தம்பி, பிறகு ஏன் தரமாட்டம் எண்டு சொல்றாங்க?" என்று அந்தத் தாயார் எம்மிடம் கேட்டார். அவருக்கு நாம் அன்று அளித்த பதில் போதுமானதாக இருக்கவில்லை. அவரைப் போன்ற பலருக்கும் பயன்படும் வகையில் அதனை இங்கு சற்று விரிவாகத் தர முனைகின்றோம்.

நிறுவனங்கள் மறுப்பது ஏன்?

காப்புறுதி என்பது நிகழுமா நிகழாதா என்று தெரியாத ஓர் இழப்பைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நூறு குடும்பங்கள் ஒரு திட்டத்தில் சேர்கின்றன. அவ்வாண்டில் ஐந்து வீடுகளில் பிரசவம் நிகழ்கின்றது. ஒவ்வொன்றுக்கும் மூன்று இலட்சம் ரூபா செலவாகின்றது. மொத்தச் செலவு பதினைந்து இலட்சம். நூறு குடும்பங்களும் தலா 15,000 ரூபா செலுத்தினால் அது ஈடாகிவிடும். ஆனால், ஏற்கெனவே கருவுற்றவர்கள் மட்டுமே திட்டத்தில் சேர்வார்களாயின் ஒவ்வொருவரும் மூன்று இலட்சம் ரூபா செலுத்த வேண்டியிருக்கும். நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் இலாபமும் அதற்கு மேலதிகம். அப்போது அது காப்புறுதியாக இராது. தம் செலவைத் தாமே, கூடுதல் விலையில் செலுத்துவதாகவே முடியும்.

படுவான்கரை விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வயலில் ஏறிய பின்னர் எவரும் பயிர்க் காப்புறுதி தருவதில்லை என்பதை அவர் அறிவார். இக்காரணத்தினாலேயே பெரும்பாலான தனிநபர் சுகாதாரக் காப்புறுதிகளில் மகப்பேறு முற்றாக விலக்கப்பட்டிருக்கும். அல்லது மேலதிகக் கட்டணத்துடனும் காத்திருப்புக் காலத்துடனும் சேர்க்கப்பட்டிருக்கும். காத்திருப்புக் காலம் என்பது, காப்புறுதி தொடங்கிய நாளிலிருந்து குறித்த காலம் கழியும்வரை மகப்பேற்றுச் செலவு வழங்கப்படமாட்டாது என்ற நிபந்தனையாகும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எனினும் ஒரு கர்ப்ப காலத்தைவிட நீண்டதாக இருக்கும் வகையிலேயே பெரும்பாலும் அமைக்கப்படுகின்றது. அயல்நாடான இந்தியாவில் இது ஒன்பது மாதங்கள் முதல் நான்கு ஆண்டுகள் வரை வேறுபடுவதைக் காணலாம்.

ஆகவே, கருவுற்ற பின்னர் தனிநபர் காப்புறுதி எடுத்து அதே பிரசவத்தின் செலவை ஈடுசெய்வது என்பது இலங்கையில் நடைமுறையில் கைகூடாத ஒன்றாகும். முகவர் எவரேனும் அதற்கு மாறாகக் கூறினால், அதனை நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் எழுத்து மூலம் தருமாறு கேட்க வேண்டும். வாய்மொழி உறுதி கோரிக்கை வேளையில் செல்லாது.

படிவத்தில் மறைத்தால்...

காப்புறுதி ஒப்பந்தம் ஏனைய வியாபார ஒப்பந்தங்களிலிருந்து வேறுபட்டது. காப்புறுதி பெறுபவர் தமக்குத் தெரிந்த முக்கிய விபரங்கள் அனைத்தையும் தாமாகவே வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை விதியாகும். அவ்விபரங்களை வைத்தே நிறுவனம் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றது. ஏற்பதா மறுப்பதா என்றும் முடிவு செய்கின்றது. கர்ப்பத்தை மறைத்தமை நிரூபிக்கப்பட்டால் ஒப்பந்தத்தையே செல்லுபடியற்றதாக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதன் பின்னர் பிரசவத்துக்கு மாத்திரமன்றி, அதே காப்புறுதியின் கீழ் வேறு நோய்க்குப் பெறக்கூடிய உதவியும் கேள்விக்குறியாகிவிடும்.

மறைப்பதும் எளிதன்று. கர்ப்பிணியின் பதிவேட்டில் கடைசி மாதவிடாய்த் திகதி, பதிவு செய்த திகதி, ஸ்கேன் பரிசோதனை முடிவு என யாவும் எழுதப்பட்டிருக்கும். கோரிக்கையைப் பரிசீலிக்கும் அலுவலர் முதலில் கேட்பது அதனையே. 'இல்லை என்று எழுதுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆலோசனை கூறும் முகவர், பின்னர் பார்த்துக்கொள்வதற்கு அருகில் இருப்பதில்லை.

இன்னமும் திறந்துள்ள வாயில்கள்

தனிநபர் காப்புறுதி மூடப்பட்டிருப்பினும், கர்ப்பிணி ஒருவருக்கு வேறு சில வழிகள் உள்ளன. முதலாவது, கணவரோ மனைவியோ பணிபுரியும் நிறுவனத்தின் குழுக் காப்புறுதியாகும். ஊழியர் அனைவரையும் ஒருங்கே சேர்க்கும் திட்டங்களில் ஒருவர் தேர்ந்து நுழையும் ஆபத்து குறைவு. எனவே சிலவற்றில் காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டிருக்கும். ஆடைத் தொழிற்சாலை, வங்கி, நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம் போன்றவற்றில் பணிபுரிவோர் தமது மனிதவளப் பிரிவில் இதனை விசாரித்தறிய வேண்டும். தமக்கு அத்தகைய உரிமை இருப்பதை அறியாமலேயே செலவு செய்து முடிக்கும் குடும்பங்கள் பல.

இரண்டாவது, அரச ஊழியர்களுக்கான 'அக்ரஹார' காப்புறுதியாகும். 2006 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதனை நிர்வகிக்கின்றது. ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதாந்தம் கழிக்கப்படும் தொகையே இதன் சந்தாவாகும். பிள்ளைப்பேற்றுக்கான கொடுப்பனவும் இதில் அடங்கும். தொகை, உறுப்பினர் சேர்ந்துள்ள வகுப்பைப் பொறுத்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர் இல்லாத கிராமம் இல்லை எனலாம். அவர்கள் தமது அலுவலகத்தின் தாபனக் கிளையில் விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, உரிய காலத்துக்குள் பற்றுச்சீட்டுகளுடன் சமர்ப்பிக்க வேண்டும். காலம் கடந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும்.

மூன்றாவது, சமுர்த்தி சமூகப் பாதுகாப்புத் திட்டமாகும். பிறப்பு, திருமணம், நோய், மரணம் ஆகிய வேளைகளில் பயனாளிக் குடும்பங்களுக்கு உதவுவதற்காக இது ஏற்படுத்தப்பட்டது. 2023 இல் 'அஸ்வெசும' நலன்புரிக் கொடுப்பனவு அறிமுகமான பின்னர் பலருடைய நிலை மாறியுள்ளது. ஆகவே, தமது குடும்பத்துக்குரிய உரிமைகள் எவை என்பதைப் பிரதேச செயலகத்தில் நேரில் கேட்டறிவது நன்று.

நான்காவது விடயம் பலரது கவனத்துக்கு வராதது. கர்ப்பத்தை மறைக்காமல் வெளிப்படுத்திய பின்னரும், மகப்பேறு தவிர்ந்த ஏனைய நோய்களுக்குக் காப்புறுதி வழங்க ஒரு நிறுவனம் முன்வரலாம். வடகீழ்ப் பருவமழைக்குப் பின்னர் எமது மாவட்டத்தில் டெங்கு பரவுவது வழமை. கர்ப்பிணிக்கு அது ஆபத்தானது. அவ்வாறான நோய்க்கு இக்காப்புறுதி உதவுமா என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். அவ்வாறே, பிறக்கவுள்ள குழந்தையை எந்த நாளிலிருந்து சேர்க்கலாம் என்பதும் முக்கியமானது. பிறந்த நாளிலிருந்தே சேர்க்கும் திட்டங்களும் உண்டு. சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே சேர்க்கும் திட்டங்களும் உண்டு.

மத்திய கிழக்கில் பணிபுரியும் கணவருக்கு அந்நாட்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் காப்புறுதி இதில் உதவுமா எனச் சிலர் வினவுவர். துபாயில் 2013 ஆம் ஆண்டின் சட்டம் தொழில் வழங்குநர் தமது ஊழியருக்குக் காப்புறுதி வழங்குவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது அந்த ஊழியருக்கும் அங்கு வதிவோருக்கும் உரியது. தேற்றாத்தீவிலோ காத்தான்குடியிலோ ஊரில் இருக்கும் மனைவியின் பிரசவச் செலவை அது ஏற்காது.

தக்காபுல் முறை

வட்டியும் நிச்சயமின்மையும் சூதின் சாயலும் கலந்திருப்பதால் வழமையான வர்த்தகக் காப்புறுதியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்கள் பலர் உள்ளனர். 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், வர்த்தகக் காப்புறுதியை ஏற்க மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையிலான காப்புறுதியை மாற்றாகக் காட்டியது. 'தக்காபுல்' என்பது அம்முறையே. உறுப்பினர்கள் செலுத்தும் தொகையின் ஒரு பகுதி 'தபர்ரு' எனும் நன்கொடையாகப் பொது நிதியில் சேர்கின்றது. இடருற்ற உறுப்பினருக்கு அந்நிதியிலிருந்து உதவப்படுகின்றது. இலங்கையில் 1999 முதல் அமானா தக்காபுல் நிறுவனம் இத்துறையில் இயங்கி வருகின்றது.

தக்காபுல் நிதியும் கணக்கின் விதிக்கு உட்பட்டதே என்பதை இங்கு மறந்துவிடலாகாது. ஏற்கெனவே கருவுற்றவரைத் தடையின்றிச் சேர்த்துக்கொண்டால், பொது நிதியிலிருந்து பிறருடைய நன்கொடையே கரையும். எனவே அங்கும் மகப்பேறு தொடர்பான விலக்குகளையும் காத்திருப்புக் காலத்தையும் எதிர்பார்க்க வேண்டும். உண்மையை மறைப்பது அங்கு ஒப்பந்த மீறலாவதோடு, நன்கொடை அளித்தோருக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

கையில் உள்ள காப்புறுதி

இதுவரை கூறியவற்றிலிருந்து, கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கு வழியே இல்லை என்ற எண்ணம் எழலாம். உண்மை அதுவன்று. பெயரில் காப்புறுதி இல்லாவிடினும், பயனில் காப்புறுதியான ஓர் ஏற்பாடு இந்நாட்டுப் பெண்கள் அனைவருக்கும் உண்டு. அது இலவச அரச மகப்பேற்றுச் சேவையாகும். அதற்குத் தவணைக் கட்டணமில்லை; காத்திருப்புக் காலமில்லை; எத்தனையாவது மாதம் என்ற வினாவும் தடையில்லை. காப்புறுதி நிறுவனம் கருவுற்றவரை விலக்குகின்றது. அரச சுகாதாரச் சேவையோ கருவுற்ற காரணத்துக்காகவே அவரைத் தேடி வருகின்றது.

இச்சேவை ஒரே நாளில் உருவானதன்று. 1879 இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு அமைக்கப்பட்டு, தாய் சேய் நலம் வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவியது. 1968 இல் குடும்ப சுகாதாரப் பணியகம் உருவாக்கப்பட்டது. 1940 களின் முற்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த இந்நாட்டில், அவ்வெண்ணிக்கை பிற்காலத்தில் முப்பதை அண்டிய அளவுக்கு வீழ்ச்சியடைந்தது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. எமது பாட்டிமார் காலத்தில் மருத்துவிச்சியின் கையையும் விதியையும் நம்பிப் பெற்றெடுத்த வாவிக்கரைக் கிராமங்களில் இது எத்தகைய மாற்றம் என்பதை முதியோர் நன்கறிவர்.

இச்சேவையின் வாயில், மக்கள் 'மிட்வைப்' என்றே அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தராவார். இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான மக்களுக்கு ஒருவர் என்ற அளவில் அவர் நியமிக்கப்படுகின்றார். கருவுற்றது தெரிந்தவுடன், எட்டு வாரங்கள் நிறைவதற்கு முன்னரே அவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது 'எச் 512' எனப்படும் கர்ப்பகாலப் பதிவேடு திறக்கப்படும். அதன் ஒரு பிரதி தாயிடம் இருக்கும். எவ்வேளையிலும், எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் அப்பதிவேட்டை உடன் கொண்டு செல்ல வேண்டும். நள்ளிரவில் அறிமுகமற்ற வைத்தியர் ஒருவருக்குத் தாயின் இரத்த வகை முதல் முன்னைய பிரசவம் வரை யாவற்றையும் அதுவே கூறும்.

பதிவு செய்த தாய்க்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடைபெறும் கிளினிக்குகளில் இரத்த வகை, ஹீமோகுளோபின், நீரிழிவு, சிறுநீர், இரத்த அழுத்தம், சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை அங்கீகரித்தது இந்தக் கிளினிக்குகளின் பெறுபேறாகும். ஏற்புவலித் தடுப்பூசி, இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் மாத்திரைகள், 1973 முதல் விநியோகிக்கப்பட்டு வரும் திரிபோஷா ஆகியனவும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்குப் போஷாக்கு உணவுப் பொதி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. இதற்கும் பதிவேடே ஆதாரமாகும். தாமதமாகப் பதிவு செய்பவர் இழந்த மாதங்களை மீளப்பெற முடியாது.

பிரசவத்துக்கு, தேற்றாத்தீவிலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை உள்ளது. சிக்கலான நிலைமைகளுக்கு வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உள்ளது. தெற்கே கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், வடக்கே காத்தான்குடி, ஏறாவூர் வைத்தியசாலைகளும் சேவையாற்றுகின்றன. இவற்றில் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் அடுத்தடுத்த கட்டில்களில் பிள்ளை பெறுவது எமது மாவட்டங்களின் அன்றாடக் காட்சியாகும். சிசேரியன் சத்திரசிகிச்சை, இரத்தம், குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு என, தனியார் துறையில் இலட்சக்கணக்கில் செலவாகக்கூடியவை யாவும் அரச வைத்தியசாலையில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. வீட்டுக்குத் திரும்பிய பின்னரும் முதல் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரு தடவைகள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வர வேண்டும் என்பது விதியாகும்.

குறைகளும் உண்டு

இலவச சேவை குறையற்றது என்று கூறுவது வாசகரை ஏமாற்றுவதாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. திரிபோஷா விநியோகம் தடைப்பட்டது. வைத்தியர்களும் விசேட நிபுணர்களும் கணிசமாக நாட்டைவிட்டு வெளியேறினர். வைத்தியசாலையில் இல்லாத மருந்தையும் பரிசோதனையையும் வெளியே பெறுமாறு எழுதிக்கொடுக்கப்படும் நிலை குடும்பங்களுக்குச் சுமையாகின்றது. நெரிசலும், சில வேளைகளில் கடுஞ்சொல்லும், மொழிச் சிரமமும் கர்ப்பிணிகளைத் தனியார் வைத்தியசாலை நோக்கித் தள்ளுகின்றன. அரச வைத்தியசாலையில் காணக்கூடிய அதே வைத்திய நிபுணரை மாலையில் தனியார் நிலையத்தில் 'சனல்' செய்து பார்ப்பதே பாதுகாப்பு என்ற எண்ணமும் வேரூன்றியுள்ளது.

அரச சேவையை நாடும் குடும்பத்துக்கும் செலவு உண்டு. படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வரும் பெண்ணுக்குக் குருமண்வெளித் துறையைக் கடப்பதும், பட்டிருப்புப் பாலம் வழியாக முச்சக்கரவண்டி பிடிப்பதும் செலவே. உடன் தங்குபவரின் நாட்கூலி இழப்பும், பிள்ளைத்தாய்ச்சிக்கான காயச் சரக்கும், குழந்தைக்கான உடையும் மேலதிகச் செலவுகளாகும். மட்டக்களப்புக் கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனைத் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மரபு நிலவுவதால், இச்சுமையின் பெரும்பகுதி பெண்ணின் தாய் வீட்டின் மீதே விழுகின்றது. எமது உறவினர் வீட்டில் தாயாரின் காப்பு அடகுக்குப் போனதும் அதனாலேயே.

நகை இல்லாதவிடத்து நுண்கடன் வருகின்றது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை ரத்துச் செய்வதற்கு 2018 இல் அரசாங்கமே தலையிட வேண்டியதாயிற்று என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பிரசவத்துக்காக வார வட்டிக் கடனில் விழுந்த தாய், பால் கொடுக்கும் காலத்திலும் தவணைக்காக ஓடுகின்றாள். பாவனைக்கு உதவாத காப்புறுதியின் கட்டணத்துக்காகக் கடன் வாங்குவது இரட்டை இழப்பாகும். அப்பணத்தை அவசரப் போக்குவரத்துக்கும் வெளிப் பரிசோதனைக்குமாகத் தபாலகச் சேமிப்பில் இட்டு வைப்பது அதனைவிட மேலான காப்புறுதி.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, '1990 சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை பெரும் துணையாக உள்ளது. 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. கர்ப்பிணி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்த இலக்கம் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இரத்தப்போக்கு, கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், நீர்க்குடம் உடைதல் ஆகியவற்றில் எது நேரினும் விடியும்வரை காத்திராது புறப்பட வேண்டும்.

தொழில் புரியும் பெண்கள் மற்றுமொரு பாதுகாப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் சம்பளத்துடனான விடுமுறைக்கு வழிசெய்தது. மூன்றாவது பிள்ளை முதல் விடுமுறையைக் குறைத்திருந்த விதி 2018 இல் நீக்கப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என்றாக்கப்பட்டது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தோட்டத்தில் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கும் வீட்டில் பன்பாய் இழைக்கும் பெண்ணுக்கும் இச்சட்டம் எட்டவில்லை என்பது இன்னமும் தீராத குறையாகும்.

பிற நாடுகளின் நிலை

எமது வாசகர் பலரின் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் தனிநபர் காப்புறுதி நாடும் கர்ப்பிணியை நிறுவனங்கள் மறுப்பது ஒரு காலத்தில் வழமையாக இருந்தது. 2010 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் மூலம் 2014 முதல் அது தடைசெய்யப்பட்டது. எனினும் ஆண்டின் குறித்த பதிவுக் காலத்திலேயே சேர முடியும். அக்காலம் தவறியவர், கருவுற்றமையைக் காரணமாகக் காட்டி இடையில் சேர நியூயோர்க் மாநிலம் 2016 இல் முதன்முதலாக வழிசெய்தது. வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு 'மெடிக்கெய்ட்' அரசுத் திட்டம் உண்டு. அந்நாட்டுப் பிரசவங்களில் பத்தில் நான்கு அளவில் அத்திட்டத்தின் மூலமே நிகழ்கின்றன.

ஐக்கிய இராச்சியத்தில் சட்டப்படி நிரந்தரமாக வதிபவருக்குப் பிரசவச் சேவை இலவசம். குறுகிய கால விசாவில் செல்பவரிடம் கட்டணம் அறவிடப்படும். ஆயினும் பணமில்லை என்பதற்காகப் பிரசவச் சேவையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறியவருக்கிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 இல் நீக்கப்பட்டது. சுற்றுலா விசாவில் செல்லும் கர்ப்பிணி, பயணக் காப்புறுதிகள் வழமையான பிரசவத்தைப் பெரும்பாலும் விலக்குகின்றன என்பதை மனதிற்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 1987 இல் தொடங்கி, இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம், கர்ப்பத்தைப் பதிவு செய்தல், பரிசோதனை, பிரசவம் எனப் படிப்படியாக உதவி வழங்குகின்றது. 2018 இல் அதன் மொத்தப் பெறுமதி 18,000 இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது. முறைகள் வேறாயினும், கருவுற்ற பின்னர் பெண்ணைக் காப்பது சந்தையின் கையில் மட்டும் விடப்படக்கூடிய கருமமன்று என்பதை இந்நாடுகளின் அனுபவம் உணர்த்துகின்றது.

கையொப்பமிடுவதற்கு முன்

அடுத்த பிள்ளையைப் பற்றி எண்ணும் தம்பதியரும் புதுமணத் தம்பதியரும் காப்புறுதி எடுக்க விரும்பினால், அதற்குரிய காலம் கருவுறுவதற்கு முன்னரானதே. அவ்வேளையில் பின்வரும் வினாக்களுக்கு எழுத்து மூலம் பதில் பெற வேண்டும்.

1. மகப்பேறு இதில் அடங்குமா? அடங்குமாயின் காத்திருப்புக் காலம் எத்தனை மாதங்கள்?

2. அக்காலம் கருவுறும் நாளுக்கா, பிரசவ நாளுக்கா கணக்கிடப்படும்?

3. சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் உச்சவரம்பு எவ்வளவு? செலவில் எத்தனை வீதத்தை நாம் ஏற்க வேண்டும்?

4. கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியிலான கர்ப்பம், கர்ப்பகால வலிப்பு ஆகிய சிக்கல்கள் அடங்குமா?

5. குழந்தை எந்நாளிலிருந்து சேர்க்கப்படும்?

6. அரச வைத்தியசாலையில் தங்கும் நாட்களுக்கு நாளாந்தக் கொடுப்பனவு உண்டா?

7. எமது மாவட்டத்தில் எந்தத் தனியார் வைத்தியசாலைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன?

8. ஆண்டு புதுப்பிக்கத் தவறினால் காத்திருப்புக் காலம் மீண்டும் தொடக்கத்திலிருந்தா?

பத்திரத்தைத் தமிழில் தருமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆயுள் காப்புறுதியுடன் இணைத்து விற்கப்படுவதாயின், பத்திரம் கிடைத்த பின்னர் வாசித்து, விருப்பமில்லாவிடின் குறித்த குறுகிய அவகாசத்துக்குள் மீளளிக்க இடமுண்டு. அவ்வவகாசம் எத்தனை நாட்கள் என்பதைப் பத்திரத்திலேயே காணலாம். நியாயமற்ற முறையில் கோரிக்கை மறுக்கப்பட்டதாகக் கருதுவோர் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். பயனில்லையேல் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ செல்லலாம். ஆனால் கர்ப்பத்தை மறைத்தவருக்கு அங்கும் ஆறுதல் கிடைப்பது அரிது.

செய்ய வேண்டியவை

காப்புறுதி நிறுவனங்கள் மகப்பேற்று விலக்கையும் காத்திருப்புக் காலத்தையும் படிவத்தின் முதற் பக்கத்திலேயே, வாசிக்கத்தக்க தமிழில் அச்சிட வேண்டும். ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதனைக் கட்டாயமாக்குவது கடினமானதன்று. வெற்றிடமாகவுள்ள குடும்பநல உத்தியோகத்தர் பதவிகளை நிரப்புவதும், மருந்தும் பரிசோதனையும் வைத்தியசாலைக்குள்ளேயே கிடைக்கச் செய்வதும் அரசின் கடமையாகும். இலவச சேவை நலிவுறும் ஒவ்வொரு வேளையிலும், வறிய குடும்பம் உதவாத காப்புறுதியை நோக்கியும் கடனை நோக்கியுமே தள்ளப்படுகின்றது.

ஊர் மட்டத்திலும் செய்யக்கூடியது உண்டு. மரணாதாரச் சங்கங்களை நெடுங்காலமாக நேர்மையுடன் நடத்திவரும் எமது கிராமங்களுக்கு, பிறப்புக்கும் ஒரு நிதியை ஏற்படுத்துவது புதிய வித்தையன்று. திருமணமானவுடன் தம்பதியர் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகையைச் செலுத்தும் வகையில் மாதர் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அதனை அமைக்கலாம். பதிவுத் திருமணமும் நிக்காஹ்வும் நடைபெறும் நாளிலேயே காப்புறுதி பற்றியும் பதிவேடு பற்றியும் எடுத்துரைக்கலாம்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு எமது பதில் இதுதான்: காசு கட்டியது உண்மை, ஆனால் கட்டிய காலமும் எழுதிய பதிலும் தவறாகிவிட்டன. மகளுக்குக் கலியாணம் முடிந்த வேளையில் கட்டியிருந்தால் அக்காசு உதவியிருக்கலாம். நாலாம் மாதத்தில் அவருக்குத் தேவைப்பட்டது முகவரின் படிவமன்று. களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக் கட்டிலும், மிட்வைப் எழுதும் பதிவேடும், அவசரத்துக்கென ஒதுக்கிய சிறு சேமிப்பும் போதுமாயிருந்தன. காப்பும் கையில் இருந்திருக்கும்.